நூற்றுப் பதினெட்டாவது கை

“இதுவரைக்கும் எத்தனை ஊசி போட்டிருக்கம்மா?”

கட்டிலில் படுத்திருந்த தையல்காரர் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டே கேட்டார்.

இடது கையில் நேற்றே இரண்டு இடத்தில் குத்தி, நரம்பு கிடைக்காமல், நீலம் பாரித்து வீங்கிவிட்டது. மிச்சமிருப்பது கத்தரி பிடிக்கிற கை. இதிலும் தப்பினால் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே பண்ணியிருந்தார், காய்ச்சலாவது மண்ணாவது.

பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண் பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் டிரிப்ஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டுவதில் மும்முரமானார்.

“நூத்திப் பதினேழு தடவை போட்டிருக்கேங்கய்யா.”

“அப்புறம் என்ன, நீட்டுங்க கைய,” என்றாள் மனைவி. “நாள் பூரா ஊசியும் கையுமா இருக்கிற மனுஷன் பண்ற அலப்பறையப் பாரு!”

கை வெளியே வந்தது.

நர்ஸ் பெண் முழங்கைக்கு மேலே இறுக்குப் பட்டையைக் கட்டினாள். அவசரப்படவில்லை. விரல் நுனியால் தடவித் தடவி ஓர் இடத்தில் நின்றாள், துணியில் இழை பார்க்கிற மாதிரி. அவருக்கு அந்த விரலைப் பிடித்துப்போயிற்று. தொழில் தெரிந்த விரல்.

சுருக்கென்றது. அவ்வளவுதான்.

சின்னக் குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. பட்டையை அவிழ்த்தாள், குழாயை உள்ளேயே விட்டு ஊசியை மட்டும் உருவினாள், பிளாஸ்திரி ஒட்டினாள். டிரிப்ஸ் சொட்டத் தொடங்கியது.

அதற்கப்புறம்தான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்கய்யா. அந்த நூத்திப் பதினேழும் ரப்பர் கை. மனுஷங்கள்ல நீங்கதான் முதல்.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். “காலேஜ்ல கம்ப்யூட்டர் மாட்டின கை ஒண்ணு இருக்குங்க. ஊசி கொஞ்சம் தப்பினாலும் ‘ஐயோ’ன்னு கத்தும். இவளும் ஒவ்வொரு தடவையும் அதுகிட்ட மன்னிப்புக் கேட்பா. கடைசி நாப்பது தடவை அது மூச்சே விடல.”

மனைவிக்குச் சுள்ளென்று ஏறியது. “ரப்பர்ல பழகிட்டு நேரா எங்காளு மேலயா வந்தீங்க?”

“விடு,” என்றார் தையல்காரர்.

முதன்முதலில் அவர் ஒரு சட்டைக்குக் கத்தரி வைத்தபோது, அதுவரை வெட்டியிருந்ததெல்லாம் பழைய செய்தித்தாள். எதிரே விரித்துக் கிடந்ததோ, மனைவியின் அண்ணன் தன் கல்யாணத்துக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்து வந்த துணி.

மச்சானிடம் அதை அவர் இன்றுவரை சொன்னதில்லை. இவளிடமும்தான்.