கையெழுத்துப் போட்டவள்

பதினைந்து வயதுச் சுடரொளியின் இரைப்பையைச் சுருக்க, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் அம்மா பூங்கோதை. அந்தச் சிகிச்சையின் விதிப்படி, மகள் அளவு மீறி விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் வலி, கையெழுத்துப் போட்ட அம்மாவின் வயிற்றில் வெட்டி இழுக்கும். அப்போதுதான் வீட்டுக்குப் பொறுப்பு வருமாம்.

அன்றிலிருந்து அப்பா கோட்டைச்சாமி மனைவியைக் கைநீட்டி அடிப்பதில்லை. கோபம் வந்தால் பரோட்டா வாங்கி வருவார்.

“வாயைத் தெற கண்ணு, இன்னும் ஒரே வாய்.”

“வேணாம்ப்பா, அம்மா துடிக்கிறாங்க.”

“உங்கம்மா என்னையவே எதுத்துப் பேசுனாள்ல? நீ தின்னு!”

தரையில் சுருண்டு கிடந்த பூங்கோதை ரத்தம் கக்கினாள். அவர் மகளின் தாடையை அழுத்திப் பிளந்து, பரோட்டாவை விரலோடு உள்ளே திணித்தார்.

சுடரொளி பற்களை இறுக்கி மூடினாள். எலும்பு நொறுங்கியது. அப்பா அலறினார்.

அம்மாவைப் பார்த்தபடியே பரோட்டாவையும் அந்த விரலையும் தட்டில் துப்பினாள். ஒரு துளிகூட விழுங்கவில்லை.