ஐந்தடித் தொட்டி

"பெத்த பொண்ணு போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைக்கா இந்த மனுஷன். ஆனா பொழுது விடிஞ்சா மீனுக்கு வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்துடுறார்."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவிடம் போனில் பொருமிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்திலேயே, ஹாலை அடைத்துக்கொண்டு அந்த ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஆறு மீன்கள், வெள்ளித் தட்டுகளைப் போல.

சில்வர் டாலர் என்று பெயர். கல்லூரியில் சேர்ந்த வருஷம் மகள் வாங்கி வந்தபோது சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தன.

"ரொம்ப சாதும்மா. இலை தழைதான் தின்னும். கூட்டமா இருந்தாத்தான் தைரியமா நீந்தும்" என்று ஆறையும் சேர்த்தே வாங்கியிருந்தாள்.

மகள் ஆசையாக நட்ட செடிகளை மீன்கள் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டன. "நீ தண்ணிக்குள்ள ஆடு வளர்க்குறடி" என்று அப்பா அன்றைக்கு அப்படிச் சிரித்தார்.

மூன்று நாள் காய்ச்சலில் மகள் போய் எட்டு மாதம் ஆகிறது.

பஸ் டிரைவரான அப்பா அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் வெள்ளரிக்காயைச் சன்னமாக நறுக்கித் தொட்டிக்குள் மாட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவார்.

வீட்டில் பேச்சு என்பதே கிடையாது. "சாப்பாடு?" "இருக்கு." அத்தோடு சரி.

"அதுங்களைப் பார்த்தாலே வயிறு எரியுதுக்கா. வளர்த்தவ இல்ல. இதுங்க மட்டும் கொழுகொழுன்னு சுத்துதுங்க."

"அப்புறம் எதுக்கு வச்சுக்கிட்டு மனசைப் புண்ணாக்கிக்கிற? பேசாம யாருக்காவது கொடுத்துடு" என்றாள் அக்கா.

தொட்டியின் ஓரத்தில் வளர்ப்பு மீன் கடைக்காரரின் நம்பர் ஒட்டியிருந்தது. கூப்பிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம், மூடி போட்ட இரண்டு பெரிய வாளிகளோடும் வலையோடும் மீன் கடைக்காரர் வந்து நின்றார்.

"சாருக்குத் தெரியுமாம்மா?"

"தெரிஞ்சா விடுவாரா? அவருக்கு மனுஷங்களைவிட மீன்தான் பெரிசு. நீங்க எடுத்துட்டுப் போங்க, நான் பார்த்துக்குறேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வலையை உள்ளே விட்டார்.

மீன்கள் மிரண்டு ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் வழி தெரியாமல் கண்ணாடியில் முட்டியது.

அவள் தன்னை அறியாமல் தொட்டியருகே குனிந்தாள்.

"பயப்படாதீங்கடி. மாமா ஒண்ணும் பண்ணமாட்டார். ஏய் குட்டி, நீ ஏன் இப்படி முட்டிக்கிற? வலிக்கப் போகுது. நேத்தும் நீ சரியாச் சாப்பிடலை, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அங்க போயாவது ஒழுங்காச் சாப்பிடணும், என்ன? அப்புறம் அவ வந்து கேட்டா நான் என்ன பதில்..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரர் வலையை வெளியே எடுத்துவிட்டார். சொட்டச் சொட்ட அதை வாளிக்குள் வைத்தார்.

"நான் பிடிக்கலைம்மா."

"ஏன்?"

"போன மாசம் சாரே என் கடைக்கு வந்தார். ஆறையும் எடுத்துக்கச் சொன்னார். 'ஒவ்வொரு தடவை வெள்ளரிக்காய் நறுக்கும்போதும் பொண்ணு பக்கத்துல வந்து நிக்குறா, என்னால முடியலைப்பா'ன்னு ஸ்டூல்ல உட்கார்ந்து அப்படி ஒரு அழுகை. வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவரா?"

"ஆமாம்மா. அன்னைக்கே வாளியோட அவர் கூடவே கிளம்பி வந்தேன். உங்க வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

"வந்தீங்களா? அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போகலை?"

கடைக்காரர் வாளியின் மூடியை மெதுவாக மூடினார்.

"நீங்க உள்ளே மெஷினை மிதிச்சுக்கிட்டே இதுங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க, இப்பப் பேசின மாதிரியே. சார் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். செருப்பைக்கூடக் கழட்டாம ரொம்ப நேரம் நின்னு கேட்டார். 'இந்த வீட்டுல இவ இப்படி வாய்விட்டுப் பேசிக் கேட்டு ஏழு மாசமாச்சுப்பா. இதுங்களும் போயிட்டா இவ யாருகிட்ட பேசுவா?'ன்னு என்னை அப்படியே திருப்பி அனுப்பிட்டாரும்மா."