கழுவிய குப்பி

சர்க்கார் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்குள் மூடுபனி மட்டும் தடையில்லாமல் போய்வருகிறது. வடகவுஞ்சியிலிருந்து நடந்தே வந்த பாப்பம்மாள், இடுப்பில் இருமும் மகளோடு, கம்பிகளுக்கிடையே ஒரு குப்பியை நீட்டுகிறாள். சாம்பல் போட்டுத் தேய்த்தும் அதில் விளக்கெண்ணெய் வாடை போகவில்லை. கம்பவுண்டர் அலெக்சாண்டர் மப்ளரைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறார். “மிக்ஸ்சர் தீந்துபோச்சும்மா. மதுரையிலேருந்து ஸ்டாக் வரணும்.” “போன வாரம் மருந்து இருந்துச்சு, குப்பி கொண்டாரலைன்னு வெரட்டுனீங்க. இன்னிக்குக் குப்பி இருக்கு, மருந்து இல்லங்கிறீங்க!” அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். அவள் நகரவில்லை. குப்பியை ஜன்னல் பலகையில் ணங்கென்று வைக்கிறாள். “இது இங்கனயே கெடக்கட்டுங்க. மருந்து வர்ற வரைக்கும் இருமாதேன்னு புள்ளகிட்டச் சொல்லி வைக்கிறேன்.”