தோட்டத்துச் சுவர்

"கல்லு மேல ஒரு கொறையும் சொல்ல முடியாதும்மா. சந்துலதான் காரை உதிர்ந்து போயிருக்குது" என்று செங்கற்களின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார் கோவிந்தசாமி கொத்தனார்.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. பின்பக்கம் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரச் சுவர். வீட்டுக்கார அம்மாள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இடிச்சிட்டுப் புதுசா கட்டணுமா கொத்தனாரே?"

"எதுக்கும்மா இடிக்கணும்? நல்லா வெந்த கல்லு. அடியில கடக்காலும் கருங்கல்லு. சந்தைச் சுரண்டி, தண்ணி தெளிச்சி, சுண்ணாம்புக் கலவையை அழுத்தி வெச்சிட்டா இன்னொரு தலைமொற நிக்கும். யாரு கட்டினது?"

"எங்க வூட்டுக்காரரு கட்டினாரு."

"நல்ல கை. வரிசை ஒண்ணுகூட ஏறல, எறங்கல."

அவள் சிரித்துக்கொண்டாள்.

கொத்தனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. டீ டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்கிய கை, கொத்துக்கரண்டியைப் பிடித்ததும் அடங்கிவிட்டது. சந்து சந்தாகக் கலவையை ஊட்டி, கரண்டி நுனியால் இழுத்துவிட்டார்.

"சித்தாள் வரலியா இன்னிக்கி?" என்று கேட்டார்.

"நானே எடுத்துத் தரேன்."

கலவை நிரம்பிய இரும்புப் பாண்டை அவள் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரியும் இப்பிடித்தாம்மா தூக்குவா. விருத்தாம்பாள்னு பேரு. ஒரு சொட்டு கீழ சிந்தாது. ஆனா மொத நாளு சிந்தினா."

"எங்க?"

"சீயமங்கலத்துல ஒரு பள்ளிக்கூடம் கட்டினோம். நான் சாரத்துக்குக் கீழ நின்னு மட்டம் பாக்கறேன். மேலேர்ந்து பாண்டோட என் தலையில கொட்டிட்டா. திட்டலாம்னு நிமிர்ந்தேன். அவ சிரிச்சிட்டா. அப்புறம் இன்னாத்த திட்டறது?"

"சிரிச்சிருக்க மாட்டா. பயந்து அழுதிருப்பா" என்றாள் அந்த அம்மாள்.

"நீங்களா பாத்தீங்க? நான் பாத்தேன். சிரிச்சா."

"சரி, சிரிச்சா. அப்புறம்?"

"அப்புறம் எனக்கு வேலையே ஓடல. அந்தச் சுவத்தை முடிச்சிட்டா அவ வேற ஊருக்கு வேலைக்குப் போயிடுவாளே! காலையில வெச்ச கல்லை, மட்டம் சரியில்லன்னு நானே மத்தியானம் எடுத்துடுவேன். மேஸ்திரி கத்துவாரு. 'கோவிந்தா, நீ கட்டறியா, பிரிக்கிறியா'ன்னு. மழைக்கு முன்னாடி முடியவேண்டிய வேலை, பொங்கல் வரைக்கும் போச்சி. அந்தப் பொங்கலுக்கே பொண்ணு கேட்டுட்டேன்."

அவள் பாண்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இதப் போயி யாராவது வூட்ல சொல்லுவாங்களா? அதுவும் இல்லாம, இன்னிக்கி மண்டகப்பட்டு, நாளைக்கி வேற ஊருன்னு எப்பவும் வேலை. வூட்டுக்கு வந்தா சோறு தின்னுட்டுப் படுப்பேன். அவளும் அலுப்பா இருப்பா." அவர் கரண்டியைத் துடைத்தார். "நல்ல பொம்பளைம்மா. ஒரு நாளு அவளை உக்காரவெச்சி சொல்லணும்னுதான் இருக்கறேன்."

"டீ கொண்டாரேன்" என்று அவள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று.

டம்ளரை வாங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறினார். "இன்னாம்மா, கண்ணு செவந்திருக்குது? சுண்ணாம்பு பட்டுடுச்சா? தேய்க்காதீங்க. தண்ணி விட்டுக் கழுவுங்க."

"கழுவிட்டேன் கொத்தனாரே. நீங்க டீ குடிங்க."

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது, கிணற்றடியிலிருந்து பின்வாசல் வரைக்கும் சுவர் புதுசாகிவிட்டிருந்தது. கொத்தனார் கை கால் கழுவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாளைக்கி வரட்டுமாம்மா?"

"வாங்க. இன்னும் வேலை இருக்குது."

பின்தெருவில் பைக் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் மகன் அன்புமணி வண்டியை நிறுத்தி, "ஏறுங்க கொத்தனாரே, வூட்டாண்ட எறக்கி வுட்டுடறேன்" என்றான்.

"சீக்கிரம் போப்பா. அவ தனியா இருப்பா" என்று அவர் ஏறி உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி தெரு திரும்பியதும் அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். அவர் நாளெல்லாம் அடைத்த சந்துகளிலிருந்து, ஈரம் காயாத கலவையை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பாண்டில் போட்டாள். சுவர் மறுபடியும் காலையில் இருந்தபடியே ஆயிற்று. இதைச் செய்யாவிட்டால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது. வேலை இல்லையென்றால் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன தை மாதம் அப்படிக் கிளம்பி, வீட்டுக்கு வழி மறந்து நின்றவரை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

அன்புமணியின் வண்டி பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே வீட்டின் முன்வாசலில் வந்து நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"சாப்டியா விருத்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார் கோவிந்தசாமி. "நாளைக்கும் அந்த வூட்டுல வேலை இருக்குதாம்."