புற்றுக்கு வெந்நீர்

"ஊத்தவா?"

"ஊத்து."

அவர் மண்வெட்டியால் எறும்புப் புற்றின் தலையைச் சீவிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவள் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் குழிக்குள் சரித்தாள். செத்த எறும்புகள் மிதந்து மேலே வந்தன.

"இந்தச் சனியன் போகவே மாட்டேங்குது."

"ஆமாங்க."

"பம்ப்செட் பக்கம் இன்னும் நாலஞ்சு இருக்கு."

"சரி, வெந்நி வைக்கிறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளைக்குப் பேசுவது அவ்வளவுதான். ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு அந்தத் தோட்டத்து வீட்டில் பேச்சுக்கே பஞ்சம் வந்துவிட்டது. அவர் ஒரு அறை, அவள் ஒரு அறை. அழுகைகூட எப்போதோ நின்றுபோய், இருவருக்கும் மனசு மரத்துக் கிடந்தது.

மழைக்குப் பிறகு தோட்டத்தில் புற்று கிளம்பியபோதுதான், பல மாதம் கழித்து அவர் அவளை ஏறிட்டுப் பார்த்து, "கொஞ்சம் வெந்நி வெச்சுத் தரியா?" என்று கேட்டார். புற்று ஒழிந்தால் இந்த நாலு வார்த்தையும் ஒழிந்துவிடுமே என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே, அவர் படுத்திருந்த நேரம் பார்த்து, மேற்கு வேலியோரம் ஒரு பிடி சர்க்கரையைத் தூவிவிட்டு வந்தாள்.

அப்புறம் அது தினப்படி வேலையாகிவிட்டது. கிழக்கே பம்ப்செட் பக்கம் அவள் ஒரு துளி சர்க்கரைகூடப் போட்டதில்லை. ஆனால் அங்கேயும் புற்று போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. எறும்புக்குள்ளே என்ன ஒற்றுமையோ என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று அடுத்த புற்றுக்குப் போவதற்குள் அவளுடைய தம்பி வந்துவிட்டான். உரக்கடையில் வேலை பார்ப்பவன். கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

"எத்தனை நாளைக்கு மாமா எறும்பைக் குளிப்பாட்டிக்கிட்டே இருப்பீங்க? இந்த மருந்தை ஒரு தடவை போடுங்க. பூண்டோட அழிஞ்சிடும்."

அவள் அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். நாளைக் காலையில் இந்த மனுஷனிடம் எதைச் சொல்லி வாயைத் திறப்பது?

தம்பி மேற்கு வேலியோரம் குனிந்து ஒரு குச்சியால் புற்றைக் கிளறினான். மண்ணோடு வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"அடப்பாவமே, சர்க்கரை! இங்க யாரோ எறும்புக்குத் தீனி போட்டு வளர்க்கிறாங்க. யாரு பார்த்த வேலை இது?"

அவள் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் போட்டேன். மருந்தெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போ."

"வெந்நியும் நீங்களே, சர்க்கரையும் நீங்களேவா? நல்லா இருக்கு மாமா நியாயம்!" தம்பி தலையில் அடித்துக்கொண்டு, கை கழுவ வீட்டுப் பக்கம் நடந்தான்.

அவன் மறைந்ததும் அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நான் செஞ்சதுக்கு நீங்க எதுக்குப் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க?"

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"மேற்கு வேலிதானே நீ? பம்ப்செட் பக்கம் நான்."