பதினொரு மணிப் பாங்கு

"எத்தின பேர் மகள்?" என்று கேட்டார் வீட்டுக்காரி சாரா உம்மா. வீட்டுப் பூட்டின் திறப்பு அவர் கையிலேயே இருந்தது.

"நாலு பேர் உம்மா. நாங்க ரெண்டு பேரும் புள்ளைகள் ரெண்டும்," என்றாள் நுஸ்ரா.

ஐந்தாவது ஆள் கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பெற்ற வாப்பா, மீராசாஹிப்.

இதற்கு முன் பார்த்த மூன்று வீடுகளிலும் அவள் ஐந்து என்றுதான் சொன்னாள். ஐந்தாவது யார் என்று கேட்டார்கள். சொன்னாள். அதன் பிறகு எவரும் திறப்பைத் தேடவில்லை.

கனமூலையில் இந்த வீடும் போனால் வேறு வழி கிடையாது. புத்தளம் டவுனில் இப்போது இருக்கும் வீட்டைக் காலி செய்யக் கொடுத்த தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆலங்குடாவில் ஒரு வீடு இருந்தது. கடற்காற்றும் இருந்தது. ஐந்தரைக்குப் பிறகு பஸ்தான் இல்லை என்று சாரா உம்மாவிடமும் சொல்லியிருந்தாள். இங்கே என்றால் மதுரங்குளிச் சந்திக்கு ஐந்து நிமிடம். சந்தியிலிருந்து அவள் வேலை செய்யும் கந்தோருக்கு நேரே பஸ். புருஷன் ஸாஜித்தின் இறால் பண்ணையும் முந்தல் பக்கம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

"மணி அடிச்ச பொறகு வெளிக்கிட்டாலும் புள்ளைகள் முதல் ஆளாப் போய் நிக்கும்," என்றார் சாரா உம்மா. "ஆலங்குடாக்குப் போயிருந்தீங்கண்டா காத்தாடியப் புடிச்சிக்கிட்டுக் கடல்ல சறுக்குற வெள்ளைக்காரனுக்குப் பின்னால கடலுக்குள்ளதான் போயிருக்கும்."

நுஸ்ரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையை அளந்தாள். ஒரு கட்டில் போடலாம். ஜன்னலும் உண்டு.

குடிவந்து பத்து நாள் போகட்டும். 'வாப்பா விருந்துக்கு வந்திருக்கார்' என்று சொல்லிக் கூட்டிவரலாம். வந்த விருந்தாளியை வெளியே போ என்று யார் சொல்வார்கள்?

பெற்ற தகப்பனை விருந்தாளியாக்கிய அந்த யோசனையை நினைக்க அவளுக்கே முகம் சுட்டது. ஸாஜித்துக்கு லீவு கிடைக்கவில்லை. வாப்பாவைத் தனியே விட்டுவரவும் முடியவில்லை. அதனால்தான் அவர் ஆட்டோவில் இருக்கிறார்.

அப்போதுதான் கேட்டுப் பக்கமிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"அல்லாஹு அக்பர்... அல்லாஹு அக்பர்..."

மீராசாஹிபுக்கு எழுபத்திரண்டு வயது. குரல் இன்னும் முப்பதைத் தாண்டவில்லை.

சாரா உம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பாங்கு முடியும் வரை உதடு அசைய அசைய நின்றார். முடிந்ததும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பதினொன்று பத்து. நடுப்பகல் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தது.

"இதென்ன கூத்து!" என்றார். "டவுன்ல நடந்த கதை தெரியுமா மகள்? நோன்பு நேரம் கரண்ட் நிண்ட அண்டைக்கு ஆரோ ஒரு பழைய மோதினார் முத்தத்தில நிண்டு பதினேழு நிமிசம் முந்திப் பாங்கு சொல்லிட்டாராம். தெருவே நோன்பு தொறந்திட்டு! என்ட தங்கச்சி கஞ்சிக் கோப்பையோட குந்திக்கிட்டு அழுதிருக்கா. அந்த நோன்ப திரும்பப் புடிக்கணுமே!"

சொல்லிச் சிரித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஆட்டோக்குள்ள ஆரு?"

அன்று பள்ளிவாசல் மைக் செத்துப்போனதும், இன்றைக்கு ஊருக்குப் பாங்கு இல்லாமல் போய்விடுமே என்று பதறித்தான் வாப்பா முற்றத்துக்கு ஓடினார். மன்னாரில் இருபது வருடம் பாங்கு சொன்ன மனுசன். நேரம் மட்டும்தான் அவரைவிட்டுப் போயிருந்தது. இதை நுஸ்ரா சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தாள்.

"ஆட்டோக்காரர்ட வாப்பா உம்மா."

அவள் குரல் வெளியே ஆட்டோவரை போனது. கேட்டில் சாய்ந்து நின்ற ஆட்டோக்கார அத்தாஉல்லா அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தான்.

சாரா உம்மா அத்தோடு விடுகிற ஆள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டடிக்கு நடந்தார். நுஸ்ராவும் பின்னால் போனாள். வாப்பா வாயைத் திறந்து 'மகள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"நானா, நீங்க ஆரு?" என்று அண்ணனை அழைப்பதுபோல் ஆட்டோவுக்குள் குனிந்து கேட்டார் சாரா உம்மா.

மீராசாஹிப் அவரைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற நுஸ்ராவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆட்டோ ஓடுற மகன்ட வாப்பா," என்றார் தெளிவாக. "வீட்டில விட்டாக் கரச்சல் எண்டு ஏத்திக்கிட்டு வந்தான்."

சாரா உம்மாவின் முகம் இளகியது. திறப்பை நுஸ்ராவின் உள்ளங்கையில் வைத்தார். அத்தாஉல்லாவைப் பார்த்துச் சொன்னார்:

"நீ நல்லா இருப்பா தம்பி. இந்தக் காலத்தில வாப்பாவ ஆரு இப்பிடிக் கவனமாக் கூட்டிக்கிட்டுத் திரியிறான்?"

அத்தாஉல்லா ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

நுஸ்ரா ஏறினாள். வாப்பா சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, அந்நியப் பெண்ணுக்கு இடம் விடுவதுபோல், மறு ஓரம்வரை நகர்ந்து உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் இருக்கலாம்.

ஆட்டோ நகர்ந்தது. "வாப்பா..." என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. றோட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்:

"அவ இன்னும் கேட்டடியிலதான் நிக்கிறா மகள். சந்தி வாற வரைக்கும் என்னோட கதைக்காத."