பாகக் கயிறு

சிபானா ஆழம் பார்க்கும் ஈயக்குண்டைக் கடலில் விட்டாள். கயிறு அவள் கைவழியே இறங்கத் தொடங்கியது.

படகில் நான்கு வெள்ளைக்காரர்கள். மூன்று பேர் டொல்பின் எங்கே என்று கடலைத் துழாவிக்கொண்டிருக்க, நரைத்த தலைப் பெண் ஒருத்தி மட்டும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ஜினை நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்த படகோட்டி முஆஸுக்கு உதட்டோரம் சிரிப்பு. சிரிக்கட்டும். வெளிநாட்டுக்காரருக்கு வழிகாட்டியாகக் கண்டக்குழிப் பெண்பிள்ளை ஒருத்தி படகேறுவது இதுதான் முதல் தடவை. முதலில் போகிறவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அவன் சிரிப்புக்குக் காரணமும் இருந்தது. கடலடியில் பாறை இருக்கும் இந்த இடத்தில் பத்துப் பாகம் தண்ணீர் என்பது கரையில் தவழும் குழந்தைக்கும் தெரியும். முந்தநாள் ஒத்திகையில் சிபானா பாகத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்ட கயிறு பன்னிரண்டு என்றது. முஆஸ் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவள் வீட்டு வாசலிலும் வந்து நின்று சொன்னான்.

"ஒண்ட கையால அளந்தா கடலும் நீண்டு போகும் புள்ள."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் புத்தளத்துக்குப் பாகக் கணக்கில் கயிறு வாங்கப் போகிறவர்கள் கை நீண்ட ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போவார்கள். கடைக்காரரும் லேசுப்பட்டவரா, கை குட்டையான ஆளை அளக்க விடுவார். கண்டக்குழிக்காரர் கூட்டிப் போவது எப்போதும் ஜபாரை. அவர் கையை விரித்தால் கடைக்காரரின் முகம் சுருங்கும்.

ஜபார், சிபானாவின் வாப்பா. அவர் மகளோடு பேசி ஒரு கிழமை ஆகிறது.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, இந்தக் கரையில் மறுபடி வலை பிடித்து, மகளை இங்கிலீஷ் படிக்க வைத்த மனிதர். படித்தது கந்தோர் உத்தியோகத்தில் கதிரை போட்டு உட்காரத்தான், கடலுக்குப் போக அல்ல என்பது அவர் கட்சி. அதை உம்மா மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சிபானா வேலையை விடவில்லை. ஆனால் வாப்பா பேசாத வீட்டில் சோறு இறங்கவில்லை. இன்னும் ஒரு கிழமை இப்படிப் போனால் தானே விட்டுவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை முஆஸிடம் காட்டிக்கொள்வாளா?

இன்று காலை ஸலாம் சொன்னபோதும் அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பதில் ஸலாம் வந்தது. அது மார்க்கக் கடமை, மகளுக்காக என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவள் கிணற்றடியில் போட்டிருந்த அளவுக் கயிறு மட்டும் சுருட்டி வாசலில் இருந்தது. உம்மாவின் வேலை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

முதல் முடிச்சு கையைத் தாண்டியது. சிபானா விளக்கத் தொடங்கினாள்.

பாகத்துக்கு இங்கிலீஷில் ஃபாதம். நரைத்த தலைக்காரிக்கு அது தெரிந்திருந்தது. ஒருவர் மனசு பிடிபடவில்லை என்று சொல்லவும் அந்தச் சொல்தான், ஆழம் அளப்பதையும் முன்பு அப்படிச் சொல்வார்கள் என்றாள்.

அதற்கும் முந்திய பொருள் ஒன்று இருக்கிறது என்று சிபானா விடவில்லை. வெள்ளைக்காரிக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு தினமும் கிடைக்குமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து ஒருவரை அணைப்பதைத்தான் அந்தச் சொல் சொன்னது. பிறகு கப்பல்காரர்கள் அதே விரித்த கையால் கயிற்றை அளந்தார்கள், கயிற்றால் கடலை அளந்தார்கள். மனசுக்கு வந்தது கடைசியில்தான். அங்கேயும் பெரும்பாலும் 'முடியவில்லை' என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு வந்தால் சொல்ல வேண்டியதையும் தயாராக வைத்திருந்தாள். கடல் அதேதான், கை என்னுடையது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. அந்த வீம்பில்தான் முடிச்சுகளை மாற்றாமல் விட்டிருந்தாள்.

எட்டு, ஒன்பது. பத்தாவது முடிச்சு தண்ணீரைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. குண்டு பாறையில் தட்டிவிட்டது.

நீரோட்டம் ஏமாற்றியிருக்கும் என்று மேலே இழுத்து மறுபடி விட்டாள். பத்து.

முஆஸ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். அவன் உதட்டில் இப்போது சிரிப்பில்லை.

சிபானா கயிற்றை இழுத்துப் போட்டாள். முடிச்சுகளில் செருகியிருந்த சிவப்புத் துணி அவள் கிழித்துக் கட்டியதுதான். பழைய முடிச்சுகள் இருந்த இடத்தில் கயிறு இன்னும் நெளிந்திருந்தது. அங்கே இப்போது முடிச்சு இல்லை. கொஞ்சம் தள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. வீட்டு வலைகளில் அவள் தினமும் பார்க்கிற முடிச்சு.

"இது ஆரு புள்ள முடிஞ்சது?"

முஆஸ் கேட்டு முடிப்பதற்குள் நரைத்த தலைக்காரி, எப்படி அளப்பது என்று செய்து காட்டச் சொன்னாள்.

சிபானா எழுந்து நின்றாள். ஒரு முடிச்சை வலக்கையில் பிடித்து, கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு கையையும் முழுவதும் விரித்தாள். அடுத்த முடிச்சு விரல் நுனிக்கு அப்பால் ஒரு சாணுக்கு மேல் தள்ளி நின்றது.

அளவு சரிதானா என்று வெள்ளைக்காரி கேட்டாள்.

சரிதான் என்றாள் சிபானா. விரித்த கையை மடக்கத்தான் மனம் வரவில்லை.